ஒன்பதாவது வரியில் ஒரு ‘ஆனால்’

பசியில்லாதவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான் இங்கிலீஷ் இலக்கியம் நடத்தும் தொழில். ரெகுலர் காலேஜில் இடம் கிடைக்காத பி.ஏ. பிள்ளைகளுக்குக் கொல்லங்கோட்டுப் பேரலல் காலேஜில் அதைத்தான் செய்கிறேன். சக டீச்சர்மாரே, உங்கள் பெருமூச்சு இங்கே வரை கேட்கிறது.

பதில் போதும்

சிலபஸில் இத்தாலிய சானட் என்ற கவிதை வகை இருக்கிறது. மொத்தம் பதினாலு வரி. முதல் எட்டில் ஒரு சிக்கல் முறுக்கேறும். ஒன்பதாவதில் ‘ஆனால்’ என்று கவிதை திரும்பும். மிச்ச ஆறில் பதில். எட்டின் கனம் இல்லாமல் ஆறுக்கு மதிப்பே இல்லை என்று மூன்று நாளாகத் தொண்டை வறளக் கத்தினேன். ரைஸ் மில்லை விற்றுக் காலேஜ் ஆரம்பித்த எங்கள் பிரின்சிபால், வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். "ஏனுங்க டீச்சர், பரீட்சையில பதில்தானுங்க கேக்கறாங்க? அந்த ஆறு வரிய மட்டும் நடத்துனாப் பத்தாதுங்களா?"

முதலில் மாடு

நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள், எட்டாவது வரிக்குப் பிறகு ஒரு வரி இடம் விடுங்கள், படிப்பவர் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்றேன். யாரும் தலை நிமிரவில்லை. கடைசி பெஞ்சு சத்யா மட்டும் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"எங்கூட்டுல இது தெனமும் நடக்கறதுங்க டீச்சர். அப்பாகிட்ட மொதல்ல மாட்டைப் பத்திப் பேசோணும், தென்னைக்குத் தண்ணி பாஞ்சுதான்னு கேக்கோணும், அப்பறந்தானுங்க நம்ம விசயம்."

தாளின் மறுபக்கம்

அடுத்த மாதம் சத்யாவுக்கு வடகரப்பதியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அவளுக்கோ பி.எட். படிக்க வேண்டும். நேரில் சொல்லப் பயந்து அப்பாவுக்கு ஒரு சின்னத் தாளில் கடிதம் எழுதினாள். முதல் எட்டு வரியில் அப்பா பட்ட பாடு, மாப்பிள்ளையின் நல்ல குணம். பிறகு, என் பேச்சைக் கேட்டு, இடம் விட்டாள். விட்ட இடத்தில் தாள் முடிந்துபோக, ‘ஆனால்’ என்று தொடங்கும் ஆறு வரி பின்பக்கம் போய்விட்டது.

அப்பா முன்பக்கத்தைப் படித்தார், கண் கலங்கினார், ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று வடகரப்பதிக்குச் சொல்லியும் விட்டார். சத்யா அழுதுகொண்டு என்னிடம் ஓடிவந்தாள். இடம் விடச் சொன்ன பாவி நான்தானே! அவர்களுடைய தென்னந்தோப்புக்குப் போய், அப்பாவின் சட்டைப் பையில் இருந்த தாளை வாங்கித் திருப்பிக் காட்டினேன். அவர் ஆறு வரியையும் இரண்டு தடவை படித்தார். பிறகு, நிச்சயத்தை நிறுத்தச் சொல்வதற்காகப் போனை எடுத்தபடியே சொன்னார்:

"வேண்டாங்கறத மொத வரியிலயே எழுதியிருந்தா அங்கயே கிழிச்சு வீசியிருப்பனுங்க டீச்சரம்மா. எட்டு வரி நல்லதா எழுதி மனசை எளக வெச்சுப்போட்டாளே, இனி எப்படிங்க கோவிச்சுக்கறது?"

தொண்டை வறள நான் நடத்திய சானட் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், பரீட்சை எழுதப் போவதில்லை.