ஆறாம் வகுப்புக்கு மேலே படி இல்லை

இங்கே பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவது தோட்டத் துரை. மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஐந்து வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. கூரை ஒழுகினால் துரையிடம் போக வேண்டும். புத்தகம் வராவிட்டால் கல்வி இலாகாவிடம். துரை இலாகாவைக் கைகாட்டுவார், இலாகா துரையைக் கைகாட்டும்.

என் சொந்த நாஞ்சில் நாட்டில் அப்போது நமக்கு எல்லாம் திருவனந்தபுரம்தான். இராஜாக்கமங்கலத்தில் நான் வேலை பார்த்தபோது தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் கேட்டு விண்ணப்பித்தோம். எட்டு மாதம் கழித்து, மலையாளம் மட்டும் தெரிந்த ஒருவர் வந்தார். "ஞான் எந்து செய்யும் டீச்சரே?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கலங்கினார், பாவம். ஆனாலும் அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது. தமிழில் தொடங்கிய பிள்ளை, முட்டி மோதியாவது ஹைஸ்கூல் வரை ஏறலாம்.

எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்தேன். நான் வந்த புதிதில், ரப்பர்ப் பால்வெட்டுக்காரி ஒருத்தி, இங்கே முதல் வகுப்பு முடித்திருந்த ஏழு வயது மகளோடு வந்து, "டவுன் இங்கிலீஷ் ஸ்கூல்ல போடட்டுமா டீச்சரம்மா?" என்று கேட்டாள். "முதலில் தமிழ் படிக்கட்டும். ஆறாவது முடித்ததும் நானே கூட்டிப்போகிறேன்" என்றேன்.

மகள் பெயர் செல்லம்மாள். ஆறாவதில் முதலாவதாக வந்தாள். இந்த வருடத் தொடக்கத்தில், சொன்னபடி அவளை டவுனுக்கு அழைத்துப்போனேன். பள்ளிக் குமாஸ்தா மலாய்க்காரர். "சூராட் பெரானாக்?" என்றார். சூராட் என்றால் கடிதம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் எழுதிய சிபாரிசுக் கடிதத்தைப் பெருமையோடு நீட்டினேன். "டீச்சர், அவரு கேக்கறது பொறந்த சர்டிபிகேட்டு" என்று செல்லம்மாள் மெல்லச் சொல்லி, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு ஏழு விரல்களை விரித்துக் காட்டினார். முதல் வகுப்பில்தான் சேர முடியும். அதற்கு வயது ஏழு; இவளுக்குப் பன்னிரண்டு. தமிழ்ப் பள்ளியின் ஆறு வருடம் அங்கே கணக்கில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அப்பவே அம்மா கேட்டாங்கள்ல டீச்சர்?"

அடுத்த வாரம் களைவெட்டும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். அவள் தாய் எப்போதும்போல எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பால்வெட்டப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் என் கணவர், "ஏட்டி, நீ வேணும்னா செய்த? விடு" என்றார். எப்படி விடுவது? ஒரு பிள்ளையின் ஐந்து வருடத்தை நம்மூர் வழக்கத்தை நம்பிக் கெடுத்தவள் நான்.

நவம்பரில் நம் நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அங்கே கூட வேலை பார்த்த தாயம்மாள் எழுதினாள்: "உத்தரவெல்லாம் இனி தமிழ்ல வரும் மக்கா. ஆனா எங்க சர்வீஸ் ஃபைலு திருவனந்தபுரத்திலயா, மெட்ராஸ்லயான்னு கேட்டா, ரெண்டு எடத்திலயும் இல்லேங்கான்."

மலாயாவும் சுதந்திரத்துக்குத் தயாராகிறது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் வருமாம். செல்லம்மாளுக்கு அது பிந்திவிட்டது. ஆசிரியர்களைப் பதிவு செய்ய நேற்று ஒரு படிவம் வந்தது. பயிற்சி பெற்ற மாநிலம் என்ற இடத்தில் திருவிதாங்கூர்-கொச்சி என்று எழுதினேன்; அப்படியொரு மாநிலம் இப்போது இல்லை. சொந்த நாடு: இந்தியா. நிரந்தர முகவரி என்ற வரியில் இந்தத் தோட்டத்தின் பெயரை எழுதினேன். எல்லாம் என் கையெழுத்துதான். சேர்த்து வாசித்தபோது ஒரே ஆளைப் பற்றியதாகத் தோன்றவில்லை.