தண்ணீர் வேண்டாத கல்

கட்டடக் கல் வார்க்கும் அந்த யார்டில் எல்லோருக்கும் அவள் சாம்பலக்கா. பதினெட்டு வருடம் சிமெண்ட் மூட்டை சுமந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது. ஆறு மாதமாகத்தான் மூட்டை இல்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் இரும்பாலைக் கசட்டுத் தூளையும் கலந்து, சிமெண்டே இல்லாத கல் வார்க்கிறாள். காஸ்டிக் சோடாவை முதல் நாளே தண்ணீரில் கரைத்து வைப்பாள். டிரம் கைவைக்க முடியாதபடி சுடும். ஆறியதும் சிலிக்கேட் கரைசலைச் சேர்த்துச் சாம்பலில் ஊற்றுவாள். இந்தப் பக்குவம் பிடிபடுவதற்குள் மூன்று ஜோடி கையுறைகள் ஓட்டையாயின.

ஆனாலும் சோதனைக்காக வார்த்த கட்டிகள் இரண்டு முறையும் பலம் பார்க்கும் அழுத்த இயந்திரத்தில் பிஸ்கட் மாதிரி நொறுங்கின.

"மூணாவது தடவையும் உடைஞ்சா பழையபடி சிமெண்ட்தான்க்கா" என்றார் முதலாளி. "நீங்களும் மூட்டைக்குத்தான் போகணும்."

மூன்றாவது சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தாள். முழங்கால் போனபின் யார்டுக்குக் காவலிருக்கும் பழைய கொத்தனார், ரப்பர் குழாயோடு அவள் கட்டிகளின் முன் நின்றிருந்தார். கட்டிகளின்மேல் உப்புப் பூத்தாற்போல் வெள்ளை.

"ஐயோ அண்ணே, என்ன பண்றீங்க?"

"ஏம்மா கத்துற? வார்த்துப் போட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிடுற. தினம் நான்தான் தண்ணி காட்டுறேன்."

"முன்னாடி ரெண்டு தடவையுமா?"

"பின்ன? பச்சப்புள்ளய பட்டினி போடுவாங்களா?"

அவள் அப்படியே கல்லடுக்கின்மேல் உட்கார்ந்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"சிமெண்டு தண்ணியக் குடிச்சுத்தான் கல்லாகும்ண்ணே. இது அப்படி இல்ல. காஸ்டிக்கு சாம்பலக் கரைச்சு, உள்ள இருக்கிற சிலிக்காவையும் அலுமினாவையும் பிரிச்சு விடும். அது ரெண்டும் கைகோத்துக் கல்லாகும். தண்ணி வெறும் தரகர். கல்யாணம் முடிஞ்சா கிளம்பிடணும். நீங்க அவர வீட்டோட வச்சு சோறு போட்டிருக்கீங்க. அந்த வெள்ளை என்னன்னு நெனச்சீங்க? உள்ள வேலை செய்ய வேண்டிய காரம் வெளிய வந்து நிக்குது."

கொத்தனார் குழாயைக் கீழே போட்டார். "முப்பது வருஷத்துல தண்ணி வேணாம்னு சொல்ற கல்ல இப்பதான் பாக்குறேன். முன்னாடியே சொல்லக் கூடாதா?"

கல்லைப் பராமரிப்பது எப்படி என்று ஒரு கொத்தனாரிடம் போய்ச் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

முதலாளியிடமும் அப்படியே சொன்னாள். "கலவையில தப்பில்லைங்க. காயவச்சதுலதான் தப்பு. சொல்ல வேண்டியத நான் சொல்லல. ஒரு வாரம் குடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "ஒரே வாரம்."

புதிதாக வார்த்து, கல்யாணம் முடியும்வரை உள்ளிருக்கும் ஈரம் ஓடிவிடாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வெயிலில் காயும் தகரக் கொட்டகைக்குள் அடுக்கினாள். கொத்தனார் வாசலில் நாற்காலி போட்டு, ஒரு சொட்டு உள்ளே போகாமல் காவலிருந்தார். ஏழாம் நாள் இயந்திரத்தின் முள் வேண்டிய கோட்டைத் தாண்டியும் ஏறியது. அதன் பிறகுதான் கட்டி வெடித்தது.

"மூட்டை இல்லக்கா இனிமே" என்றார் முதலாளி. "திங்கட்கிழமை மூணு லாரி சாம்பல் வருது."

அவள் தலையாட்டினாள். சந்தோஷம் வரும் என்று காத்துப் பார்த்தாள், கொட்டாவிதான் வந்தது.

"நாளைக்கு மட்டும் லீவு குடுங்க. தூங்கணும்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைக்கா" என்றார் முதலாளி. "உங்கள யாரு வரச் சொன்னது?"