காப்பு கட்டிய ஊருக்கு வெளியே அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டைப்படத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் உறவினர்கள் அனைவருக்கும் என் வணக்கம். ஆம், அம்மா கவுன்தான் போட்டிருக்கிறார். தலையில் ஓலைத் தொப்பி, பின்னால் கடல். "பொட்டு வெச்சி, பொடவ கட்டின போட்டோ ஒண்ணுகூடவா இல்ல?" என்று என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அச்சகத்துக்கே போன் போட்டுக் கேட்டாராம். இருக்கிறது அத்தை, நிறைய இருக்கிறது. அந்தப் படங்களில் எல்லாம் அம்மா ஓரத்தில் நிற்கிறார். கையில் தண்ணீர்ச் செம்போ சாம்பார் வாளியோ இருக்கும். அவர் நடுவில் நிற்கும் படம் இது ஒன்றுதான், அதனால் இதைப் போட்டேன்.

அம்மா பிறந்தது கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவில். தீவின் தென்பக்கம், கரும்புக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். கரும்பு வெட்டுவதற்காகச் சென்னையில் கப்பல் ஏறிய யாரோ ஒருவரின் வம்சம். எந்த ஊரிலிருந்து போனார்கள், என்ன பெயர், எதுவும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தமிழ் எப்போதோ போய், வீட்டுப் பேச்சே ஆங்கிலமாகிவிட்டது. மிஞ்சியது ஒரு மாரியம்மன் கோயில், பொருள் தெரியாமல் பாடும் சில பாட்டுகள், திருவிழாவில் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறு, அவ்வளவுதான்.

அப்பா அங்கே எரிவாயு ஆலை கட்டும் வேலைக்கு வெல்டராகக் காண்ட்ராக்டில் போனவர். அந்தக் கோயில் வாசலில் அம்மா கடலைக் கறி வைத்த ரொட்டி விற்றுக்கொண்டிருந்தார். அப்பா தினமும் சாப்பிடப் போனார். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே கோயிலில் தாலி கட்டினார். காண்ட்ராக்ட் முடிந்ததும், "எங்கள் ஊரில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்" என்றாராம். அம்மா நம்பினார். புதுப்பெண்ணுக்கு நம்புவதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் நம் ஊருக்கு அம்மா வந்து இறங்கிய அன்று மொத்தத் தெருவும் வந்து பார்த்ததாம். "கப்பல்காரி" என்று பெயர் வைத்தீர்கள். அத்தை முதல் நாளே, "பூர்வீகத்துக்கே வந்துட்ட, ஒனக்கு இன்னா கொற?" என்று கன்னத்தைத் தடவினார். மறுநாள், "எந்தக் கப்பலோ, இன்னா ஜாதியோ" என்று பூஜை அறைக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு அம்மாவுக்குக் கடைசிவரை திறக்கவே இல்லை. பெருக்குவதற்கு மட்டும் திறந்தது.

அம்மாவின் குணங்களைச் சொல்ல வேண்டும் அல்லவா? பிடிவாதம். தமிழைப் பிடித்த பிடியில் கற்றுக்கொண்டார். நம் கழனிகள் எல்லாம் கம்பெனியாக மாறியபோது ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கப் போனார். அங்கிருந்த பெண்களிடம்தான் பேச்சு படித்தார். "இன்னாப்பா, கத்திரிக்கா இம்மாம் வெல சொல்ற? உள்ள கீற பூச்சிக்கும் சேத்தா?" என்று வாலாஜாபாத் கடைத்தெருவில் அவர் பேரம் பேசினால் கடைக்காரர் அவரை ஏதோ பக்கத்து ஊர்ப் பெண் என்றுதான் நினைப்பார். அம்மாவுக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு தரம் சொல்லிக்காட்டுவார். ஊருக்குள் நுழைந்தால் மறுபடி கப்பல்காரிதான்.

அவருக்கு நகை ஆசை இல்லை, வீட்டு ஆசை இல்லை. ஒரே ஓர் ஆசை. பிறந்த ஊருக்கு ஒருமுறை போக வேண்டும், அங்கே யாராவது அவரைப் பார்த்து "இது நம்ம வீட்டுப் பெண்" என்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் என்று சொன்னது நீண்டுகொண்டே போனது. அப்பாவிடம் கேட்டால், "அடுத்த போனஸ் வரட்டும்" என்பார்.

நான் முதல் வகுப்பு படித்தபோது ஓர் ஆடி மாதம், அங்கிருந்து சித்தி போன் செய்தார். அம்மாவின் தங்கை. அம்மாவைப் பெற்ற பாட்டி படுக்கையில் கிடக்கிறார், மூத்த மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், உடனே வா என்றார். அப்பா அந்த ஒருமுறை எப்படியோ டிக்கெட் எடுத்துவிட்டார். அம்மா பெட்டி கட்டினார். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கட்டினார்.

ஆனால் முந்தின நாள்தான் நம் ஊர் அம்மன் கோயிலில் காப்பு கட்டியிருந்தார்கள். காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி வெளியூரில் இரவு தங்கக்கூடாது. இது நம் ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தெரியாததில்லை. விமான நிலையத்துக்குப் போக டாக்சி வாசலில் நின்றது. அத்தை நிலைப்படியில் குறுக்கே நின்றார். பின்னால் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர்.

"காப்பு கட்டியாச்சிம்மே. நீ இப்ப எல்லைய தாண்டினா ஊருக்கு அம்ம வரும்" என்றார் அத்தை.

"அண்ணி, எங்க அம்மா சாவக் கெடக்குது."

"தெரியும், யார் இல்லன்னா? ஆத்தா கண்ண தெறந்தா மொதல்ல யாருக்கு வரும்னு நெனக்கிற? தோ நிக்குதே, ஒம் பொண்ணு, அதுக்குத்தான் வரும்."

அம்மா என்னைப் பார்த்தார். அவரும் அதே மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர், அவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு இருந்தது. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அத்தை சரியான இடம் பார்த்து அடித்தார்.

அப்போது தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அப்பாவுக்கு அன்று நைட் ஷிப்ட். அப்பா சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த நான்கு பெரியவர்களையும் தாண்டி, பெட்டியைத் தாண்டி, அம்மாவைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறினார். அவரோடு அந்தப் பெரியவர்களில் ஒருவரின் மகனும் ஏறினான். பஸ் ஊர் எல்லையைத் தாண்டி ஒரகடம் போனது. விடிந்துதான் திரும்பி வருவார்கள். அது மட்டும் எப்படி என்று கேட்காதீர்கள், நான் பெரியவளானதும் கேட்டுப் பார்த்துவிட்டேன். "ஷிப்டுக்குப் போனா ஆத்தா கோச்சிக்க மாட்டா, அது பொழப்பு" என்று பதில் வந்தது. பெற்ற தாயைப் பார்ப்பது பிழைப்பில் சேராது போலிருக்கிறது.

டாக்சியைத் திருப்பி அனுப்பினார்கள். காப்பு அவிழ்ப்பதற்கு முன்பே அங்கே பாட்டி இறந்து காரியமும் முடிந்துவிட்டது. அம்மா போனில் சித்தியிடம் விளக்கினார், கோயில் கட்டுப்பாடு என்றார். சித்தி சொன்னது: "இங்கேயும் அதே அம்மன்தான். இங்கே எந்த மகளையும் அது தடுப்பதில்லை." அதன் பிறகு சித்தி போன் செய்யவில்லை. அம்மா செய்தால் எடுக்கவில்லை.

அப்பா காலமான பிறகு, நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து, அம்மாவை அழைத்துக்கொண்டு டிரினிடாட் போனேன். காப்பு கட்டாத மாதமாகப் பார்த்துத்தான் போனோம், கவலை வேண்டாம். விமானத்தில் அம்மா தூங்கவே இல்லை. கேண்டீன் கையால் அரைத்த மசாலாப் பொடியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார், தங்கைக்காக. அங்கே இறங்கியதும் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பாஸ்போர்ட் நம் நாட்டுடையது, அதிகாரி மேல் தப்பில்லை. "நா இங்க பொறந்தவ" என்று அவரிடம் அம்மா தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பதறிப்போய் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அதிகாரி சிரித்து, "இனிய சுற்றுலாவாக அமையட்டும்" என்று முத்திரை குத்தினார்.

ஊர் மாறியிருந்தது. இங்கே கழனி போய்க் கம்பெனி வந்தது. அங்கே சர்க்கரை ஆலையை மூடிவிட்டார்கள், கரும்புக் காடு புதராகக் கிடந்தது. கடல் மட்டும் அப்படியே இருந்தது என்று அம்மா சொன்னார். அட்டைப்படம் அன்று காலை எடுத்ததுதான். சித்தி வீட்டில் எங்களை வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். விருந்தாளிக்கு எடுக்கும் பூப்போட்ட தட்டில் சோறு வந்தது. அம்மா எழுந்து சமையலறைப் பக்கம் போனபோது சித்தி மரியாதையாக, மிகவும் மரியாதையாக, "நீங்கள் உட்காருங்கள்" என்றார். மசாலாப் பொடியை வாங்கி நன்றி சொல்லி அலமாரியின் மேல் வைத்தார்.

மறுநாள் கோயிலில் பூஜை. சித்தி அம்மாவை முன்வரிசையில் அமர்த்தி மாலை போட்டார். மைக்கைப் பிடித்தார். "இந்தியாவிலிருந்து ஓர் அம்மையார் நம் கோயிலைப் பார்க்க வந்திருக்கிறார், வரவேற்போம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வயதான ஒருவர் எழுந்து வந்து அம்மாவின் முகத்தையே பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரராம். "நீ இந்த வீட்டு மூத்த பெண் இல்லையா? ரொட்டிக் கடையில் இருப்பாயே?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா இத்தனை வருடம் உயிரோடு இருந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் சித்தி, "இல்லை, என் அக்கா செத்துப்போனாள். எங்கள் அம்மா சாவதற்கு முன்பே செத்துப்போனாள்" என்றார். குரல்கூட உயரவில்லை.

அம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொல்லப் பார்த்தார். அந்த ஆங்கிலம் நம் ஒரகடத்து ராகத்தில் வந்தது. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெரியவரும், "மன்னிக்கவும், ஆள் மாறிவிட்டது" என்று போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்று, மாலையைச் சரிசெய்து, இந்தியாவிலிருந்து வந்த அம்மையார் மாதிரியே எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு பாட்டு. பறை அடித்துக்கொண்டு ஊரே பாடியது. அவர்களுக்குப் பொருள் தெரியாது, ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து எழுத்துக்கூட்டிப் பாடுகிறார்கள். எங்கள் இருவருக்கும்தான் புரிந்தது. பிறந்த வீட்டுக்கு வா தாயே, வாசல் திறந்திருக்கிறது, வா என்று அம்மனை அழைக்கும் பாட்டு. திரும்பத் திரும்ப அதையே பாடினார்கள். அம்மா சிறுமியாக இருந்தபோது தினமும் பாடிய பாட்டாம் அது. அன்று அவரால் ஒரு வரி பாட முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது.

ஒரு மாதம் தங்கப் போனவர்கள் சீக்கிரமே திரும்பினோம். நம் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது அத்தை எதிரில் வந்தார்.

"இன்னாம்மே, அதுக்குள்ள வந்துட்ட? அங்கயும் தொரத்திட்டாங்களா?"

"இல்ல அண்ணி, மால போட்டு அனுப்பிச்சாங்க" என்றார் அம்மா.

அதோடு அம்மா நம் ஊரில் இருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு சிறுநீரகம் கெட்டது, டயாலிசிஸுக்காகத் தண்டலம் பக்கம் அலைந்தோம். ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகக் கேட்டேன், "எதுனா ஆயிட்டா ஒன்ன எங்கம்மா கொண்டுபோறது?" கேட்கக்கூடாத கேள்விதான், ஆனால் கேட்டாக வேண்டியிருந்தது. அம்மா கோபப்படவில்லை. "எங்க போட்டாலும் வெளியூருதான், கிட்டக்க எது கீதோ அங்க போடு" என்றார்.

போன வருடம் ஆடியில் அம்மா போய்விட்டார். அத்தைக்குப் போன் செய்தேன்.

"அய்யோ, போயிட்டாளா! தங்கமான மனுஷியாச்சே!" என்று அழுதார். நன்றாகவே அழுதார். அழுது முடித்ததும், "யம்மாடி, நேத்துதான் காப்பு கட்டினாங்க. பொணத்த ஊருக்குள்ள எடுத்துனு வந்துடாத. எல்லையிலயே மடக்கிடுவாங்க" என்றார்.

"நீங்களாச்சும் வாங்க அத்தை."

"நா எப்பிடிடி வர்றது? கையில காப்பு கீதே, சாவுத் தீட்டு ஆவாதே!"

சித்திக்கும் சொன்னேன். என் போன் என்பதால் எடுத்தார். "எங்கள் வீட்டில் அவளுக்கு ஏற்கெனவே அழுது முடித்துவிட்டோம்" என்று வைத்துவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் மயானத்தில் கொள்ளி நான்தான் வைத்தேன். பெண் வைக்கலாமா என்று கேட்பதற்குக்கூட அங்கே நம் ஆள் யாரும் இல்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். என் கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்ப் பையன்கள் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு நேராக வந்து அம்மாவைத் தோளில் சுமந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இது சொந்த ஊர் இல்லை. அவர்களுக்கு என் உயிருள்ளவரை நன்றி. பூவைக் காசு வாங்காமல் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், அனுமதிச் சீட்டு கேட்காமல் என்னை அனுப்பிய சூப்பர்வைசருக்கும் நன்றி. அம்மாவை ஊருக்குள் விடாமல் ஊரைச் சுத்தமாகக் காப்பாற்றிய பெரியவர்களுக்கு நன்றி. யாருக்கும் அம்மை வரவில்லை என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி.

இன்று திதிக்கு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். "சாவுக்குத்தான் வரக்கூடாது, திதிச் சாப்பாட்டுக்கு வரலாம்" என்று அத்தை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுச் சொன்னாராம், அவருக்கும் நன்றி. இந்த வருடமும் காப்பு கட்டியாகிவிட்டது, உங்கள் கைகளிலும் இருக்கும். வாசலில் வேன் நிற்கிறது. பாயசம் வரும்வரை இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பி எல்லைக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தாமதமானால் ஊருக்குள் விடமாட்டார்கள். அம்மாவை விடவில்லை.

இப்படிக்கு,
கப்பல்காரியின் மகள்