ஆறாம் கேமராவில் ஆரஞ்சுக் கையுறை

நான் பனியைத் தொட்டதே இல்லை. ஃப்ரிட்ஜில் கட்டிப்போனதைக் கரண்டியால் சுரண்டியதோடு சரி. ஆனால் எங்கோ கடல் தாண்டி, ஒரு பனிச்சறுக்கு மலையில் ராத்திரி எவ்வளவு பனி விழுந்தது, காற்று எப்படி, எந்தச் சரிவு திறந்திருக்கிறது என்று எழுதுவது, ஜூஜுவாடியில் டயர் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்திருக்கும் நான்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அங்கே விடியும் முன் அறிக்கை போக வேண்டும். அப்போது நமக்குச் சாயங்காலம். மலையில் ஏழு கேமராக்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும். ஆறாவது கேமராவுக்கு எதிரே அளவுக்கோடு போட்ட கம்பமும், அதன் அடியில் ஒரு பலகையும் இருக்கும். பலகைமேல் சேர்ந்த பனியின் உயரத்தைக் குறித்துக்கொள்வேன். நம் கடிகாரத்தில் ஐந்து அடித்ததும் ஒருவன் வந்து பலகையைத் துடைத்துவிட்டுப் போவான். முகம் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறக் கையுறை மட்டும் தெரியும். போகும்போது கேமராவுக்கு இரண்டு விரலைக் காட்டுவான். நானும் காட்டுவேன்.

"அக்காவோட ஆளு வந்தாச்சுப்பா!" என்று எங்கள் டீம் லீடர் கத்துவான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், அத்திப்பள்ளியிலிருந்து பைக்கில் வருகிறவன்.

அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கேமராவுக்கும் "படம் புதிதா?" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். நான் அதையெல்லாம் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்ததுமே போட்டுவிடுவேன். இந்தப் புத்தி எனக்கு ஃபேக்டரியில் வந்தது. இதற்கு முன் ஆறு வருடம் பெயிண்ட் அடித்த பாகங்களைச் சூட்டில் காயவைக்கும் அடுப்புப் பகுதியில் இருந்தேன். மணிக்கொரு தடவை சூட்டைப் பார்த்துச் சார்ட்டில் எழுதச் சொல்வார்கள். யார் எழுதினார்கள்? ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் எழுதிவிட்டு, ஆடிட்டர் நம்ப வேண்டுமே என்று ஒன்று கூட்டி ஒன்று குறைத்து வைப்போம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அப்படித்தான் செய்தாள். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை.

போன வருடம் ஒரு சாயங்காலம், ஆறாம் கேமராவில் கையுறை பலகைமேல் இருந்தது. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் இருந்தது. 'என்னடா, இன்னைக்கு இவ்வளவு நேரமா தொடைக்கிறே' என்று மனசுக்குள் கேலி செய்துகொண்டு, மற்ற சரிவுகளைப் பற்றி எழுதினேன். அந்தப் படத்தில் எதுவும் அசையாததைப் பார்த்து, "காற்று இல்லை" என்றும் எழுதினேன்.

ஆறரைக்கு மலையிலிருந்து போன் வந்தது. ஐந்து மணிக்கே மேலிருந்து பனி சரிந்து கம்பத்தையும் கேமராவையும் கொண்டுபோயிருந்தது. கடைசியாக வந்த படம் எங்கள் திரையில் அப்படியே நின்றுவிட்டது. என் டிக்குகளைப் பார்த்து, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, அவனும் அங்கேதான் இருக்கிறான் என்று நம்பி மலையில் யாரும் தேடவில்லை. ஆறரைக்குத்தான் தோண்டத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டர் வருகிறது என்றார்கள். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பழி மென்பொருள்மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த மீட்டிங்கில் ஆவேசம் வந்தவள் போலப் பேசினேன். ஒவ்வொரு படத்தின்மேலும் எடுத்த நேரம் பெரிதாகத் தெரிய வேண்டும், டிக் போட வேண்டிய நேரம் வரும்வரை அந்தக் கட்டம் திறக்கக் கூடாது, "தெரியவில்லை" என்று எழுதவும் இடம் வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். மலைக்காரர்கள் திரையிலேயே கைதட்டினார்கள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மாசக்கணக்கில் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் டீம் லீடரிடம் கேட்டேன்.

"அந்த ஆளு என்ன ஆனாருப்பா?"

"கேட்டேன்க்கா. இப்ப அவரு இங்க வேலைல இல்லன்னு ஒரு வரி எழுதுனாங்க. அவ்ளோதான்."

"அந்த டிக்கெல்லாம் நான் முன்னாடியே போட்டது."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்க்கா. அன்னைக்கு எல்லா டிக்கும் நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்கே விழுந்திருந்துச்சு."

"சொல்லலியே நீ?"

"சொன்னா என்னோடதையும் எடுத்துப் பாப்பாங்கல்ல."

இந்தப் பனிக்காலத்தில் புதுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். கறுப்புக் கையுறை போட்ட வேறொருவன் வருகிறான். அவன் விரல் எதுவும் காட்டுவதில்லை. கை பலகைமேல் வந்து நிற்கும். அடுத்த படம் வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, "அசைடா சாமி, அசைடா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது யாரும் என்னைக் கேலி செய்வதில்லை.