பெரியம்மாவின் பத்து நெட்டி

எங்கள் பெரியம்மா கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடமும் நடத்துவார். திருஷ்டி, கண்ணேறு எல்லாம் நம்பக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவரேதான். ஆனால் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், போதகர் நிற்காத பக்கமாக என்னை இழுத்துப்போய், இரண்டு கையாலும் என் முகத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார். படபடவென்று பொரியும்.

எத்தனை விரல் சத்தம் போடுகிறதோ அத்தனை பேர் கண் என்மேல் பட்டிருக்கிறது என்பது அந்தக் கணக்கு டீச்சரின் கணக்கு. சாதாரண ஞாயிறு என்றால் ஆறோ ஏழோ வரும். ஈஸ்டருக்குப் புது கவுன் போட்ட அன்று பத்து. வண்டலூர் பூங்காவுக்குப் போய்வந்த அன்று எட்டு. அதில் இரண்டு குரங்கோடது என்றார் பெரியப்பா. எனக்கு அப்போது எட்டு வயது. அடேயப்பா, எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல!

சேலையூரில் நாங்கள் மாடியிலும் பெரியம்மா வீடு கீழேயும் இருந்தோம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர்தான் எனக்குப் பின்னல் போடுவார். அந்த வருடம் நவம்பர் மழையில் ஒருநாள் அவரால் ரிப்பன் முடிச்சுப் போட முடியவில்லை. விரல்கள் மடங்கவே மாட்டேன் என்றன. நகத்துக்குக் கீழே உள்ள கணுக்களெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தன. கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது.

பெரியப்பா காபியை ஆற்றிக்கொண்டே, "பின்ன என்ன? உன் செல்லப் பொண்ணுக்கு நெட்டி முறிச்சு முறிச்சே விரல் எல்லாம் கழண்டுபோச்சு" என்றார்.

அவர் கேலிக்குச் சொன்னார். நான் அதை அப்படியே விழுங்கிவிட்டேன். மாடிக்கு ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். ஐயோ பாவி, ஒரு மனுஷியின் பத்து விரலையும் முடக்கும் அளவுக்கா அழகாகப் பிறப்பாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை பொய்யில்லை. பெரியம்மாவின் விரல் பிழைக்க வேண்டுமென்றால் என் அழகு ஒழிய வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து முகம் கழுவுவதை நிறுத்தினேன். தலையில் எண்ணெயைக் கவிழ்த்தேன். போதவில்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகம் வந்தது, அதில் நான் தேவதூதன். வெள்ளை அங்கியும் ஜிகினா ஒட்டிய அட்டை இறக்கையுமாக மேடையில் நின்றால் எத்தனை கண் படும்! நாடகத்துக்கு முந்தின சாயங்காலம் அம்மாவின் துணி வெட்டும் கத்திரியை எடுத்து, முன்முடியை நெற்றியோடு ஒட்ட நறுக்கிவிட்டேன். ஒரு பக்கம் புல்தரை, ஒரு பக்கம் புதர்.

அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். ஆனால் வேறு தேவதூதன் தேட நேரமில்லை. மேடையில் நான் "பயப்படாதிருங்கள்" என்று கையைத் தூக்கியதும் சபையே சிரித்தது. மேய்ப்பர்களாக நின்ற பையன்கள் சிரித்ததில் ஒருவன் தாடி கழன்று விழுந்தது. எனக்கோ ஒரே சந்தோஷம். ஒருத்தர் கண்ணும் படாது பாருங்கள்!

திரைக்குப் பின்னால் பெரியம்மா என் தலையைத் தடவிக்கொண்டே, "ஏண்டி தங்கம், எதுக்குடி இப்படிப் பண்ணிக்கிட்ட?" என்றார். கேட்டுவிட்டு அவரும் சிரித்துவிட்டார். "இருந்தாலும் இருக்கிறதுலயே நீதாண்டி அழகு" என்று வீங்கிய கைகளை என் முகத்துக்குக் கொண்டுவந்தார். நான் அந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "முறிக்காதீங்க பெரியம்மா, என்னாலதான் உங்க விரல் போச்சு!" என்று வீறிட்டு அழுதேன். பெரியப்பாவுக்கு அன்று விழுந்த திட்டு இருக்கிறதே, கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட அவர் நின்றுகொண்டுதான் சாப்பிட்டார்.

மறுவாரம் கேம்ப் ரோட்டில் இருந்த டாக்டரம்மாவிடம் பெரியம்மா என்னையும் கூட்டிப்போனார். டாக்டரம்மா ஏற்கெனவே ரத்தப் பரிசோதனை பார்த்து, முடக்குவாதம் இல்லை, வயதாவதால் வரும் மூட்டுத் தேய்மானம்தான் என்று சொல்லியிருந்தார். பெரியம்மாவின் அம்மாவுக்கும் இதே விரல்களாம். என்னைப் பார்த்து, "நெட்டி முறிக்கிறதால மூட்டு தேயாது கண்ணு. அது உள்ள இருக்கிற காத்துக் குமிழியோட சத்தம். வீக்கம் இருக்கிறப்ப மட்டும் முறிக்க வேணாம், வலிக்கும்" என்றார். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கை வைக்க வேண்டும், மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும், பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்ட வேண்டும், திருத்துகிற பேனாவில் பஞ்சு சுற்றித் தடிமனாக்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

நான் நம்பவில்லை. ஊசி வலிக்காது என்று சொல்கிற கூட்டம்தானே இது! தினமும் காலையில் பேசினில் வெந்நீர் விளாவி, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொடச்சொல்லி எண்ணினேன். ஆனால் யாராவது என்னை அழகு என்றால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். முடி வளர வளர எனக்குப் பயமாக இருந்தது. கத்திரியை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு, "வீக்கம் போயிடுச்சுடி. வா, கண்ண மூடு" என்றார் பெரியம்மா. அதற்கு முன்பு கண்ணை மூடச் சொன்னதில்லை. சிகிச்சையில் அதுவும் ஒன்று போல என்று இறுக மூடிக்கொண்டேன். கைகள் முகத்தை வழித்தன. டக், டக், டக். எண்ணினேன். பத்து! வெந்நீர் வேலை செய்துவிட்டது, பெரியம்மாவின் விரலை நான் குணப்படுத்திவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு நான் மேசைக்கு அடியில் போகவில்லை.

மூன்று வருடம் கழித்து என் தம்பி எல்.கே.ஜி. சேர்ந்த அன்று அவனுக்கும் நெட்டி முறித்தார். அவன் கண்ணை மூடியிருந்தான். நான் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன். நெற்றிப்பொட்டில் பெரியம்மாவின் விரல்கள் சும்மா ஒட்டிக்கொண்டு இருந்தன, மடங்கவே இல்லை. சத்தம் அவர் வாய்க்குள்ளிருந்து, நாக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை, பத்தையும் முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அப்போதும் எனக்கு ஏமாந்த கோபம்தான் வந்தது. மற்றதெல்லாம் வளர்ந்த பிறகு பெரியப்பா சொல்லித்தான் தெரியும். மறுபடி நான் கத்திரியைத் தூக்கிவிடுவேனோ என்ற பயத்தில், அந்த ஜனவரி முழுக்கப் பெரியம்மா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நாக்குச் சத்தத்தைப் பழகினாராம். நடுவிரலுக்குக் கனமாக ஒன்று, சுண்டுவிரலுக்கு மெலிசாக ஒன்று என்று வித்தியாசம் காட்டுவதற்குத்தான் ரொம்ப நாள் பிடித்ததாம்.