வெள்ளிக்கிழமைச் சாம்பாரும் மடத்து வேலையும்

எரியோட்டு அந்தோணிமுத்துவின் பெண்டாட்டி ரோசலின் கன்னியர் மடத்துப் பெண்கள் விடுதிக்குச் சமையல் வேலை கேட்டுப் போனது ஐம்பத்தெட்டாம் வருஷம். அவள் பிறந்தது நத்தம் பக்கம். அந்தோணிமுத்துவுக்கு அத்தை மகள்தான். கட்டிக்கொடுத்த நாலாம் வருஷமே புருஷனோடு பேகம்பூருக்குக் குடிவந்துவிட்டாள். அவனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று காலில் புண் கண்டு, ஆறாமல் போய், வேலையும் நின்றுவிட்டது. மடத்து வேலை கிடைக்காவிட்டால் எரியோட்டுக்குக் கொழுந்தன் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். மகள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அங்கே போனால் படிப்பு அதோடு சரி. கொழுந்தன் பெண்டாட்டி, "புள்ள வந்தா மாட்டப் பாத்துக்கிடும்" என்று இப்போதே சொல்லியனுப்பியிருந்தாள்.

மடத்துக்குப் போவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டுத் தாஹிராதான் வந்து பாடம் சொன்னாள். அவள் தம்பி பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலைக்கு இன்டர்வியூ போய்வந்தவன்.

"தப்புப் பண்ணிருக்கியான்னு கேப்பாங்கக்கா. இல்லவே இல்லன்னு சொல்லிரு. என் தம்பி அப்படித்தான் சொன்னான்."

"வேல குடுத்தாங்களா?"

"குடுக்கல. அவன் முழிச்ச முழி சரியில்ல. நீ முழிக்காமச் சொல்லு."

மடத்தில் வயசான மதர் ஒருத்தர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். என்ன சமைக்கத் தெரியும் என்று கேட்பார் என்று பார்த்தால், "கோபக்காரர்களோடு வேலை பார்த்திருக்கிறாயா? எப்படிச் சமாளித்தாய்?" என்று கேட்டார்.

"எங்க மாமியா இஞ்ஞாசியம்மா இருக்காக மதர். அவுக கூடப்பொறந்தவுக அஞ்சு பேரு. மூத்தவுகள பஞ்சம்பட்டியில குடுத்துருக்கு..."

"ஐந்து பேரும் வேண்டாம். மாமியாரை மட்டும் சொல்."

"அவுக பேசுறப்ப நான் வெங்காயம் உரிப்பேன் மதர். உரிச்சு முடிக்கிறதுக்குள்ள அவுகளும் முடிச்சுருவாக."

மதர் சிரிக்கவில்லை. "சமையலில் நீ செய்த தப்பு ஒன்றைச் சொல். அதற்குப் பிறகு என்ன செய்தாய், அதையும் சொல்" என்றார்.

இல்லவே இல்லை என்று சொல்ல ரோசலின் வாயெடுத்தாள். ஆனால் பிறகு என்ன செய்தாய் என்றல்லவா கேட்கிறார்? அதற்கு அந்தப் பதில் ஒட்டவில்லை. உள்ளதையே சொல்லத் தொடங்கினாள்.

சின்ன மாமனார் செத்த முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. கத்தோலிக்கருக்கு வெள்ளி சுத்தபோசனம், கறி ஆகாது. பிள்ளைபெற்ற நாத்தனாருக்கு முந்தின நாள் ஆட்டெலும்புச் சாறு வைத்து, மிச்சத்தை மூலையில் மூடி வைத்திருந்தார்கள். விடிகாலை அவசரத்தில் அதைப் பருப்புத் தண்ணி என்று நினைத்து ரோசலின் சாம்பாரில் ஊற்றிவிட்டாள். நாற்பது பேரும் இலையில் உட்கார்ந்த பிறகு, கரண்டியைப் போட்டதும் வாடை காட்டிக்கொடுத்தது.

"மாமியா வாய மூடுன்னாக மதர். மசால் வாடைன்னு சொல்லிரலாம்னாக. நான் பந்திக்கு முன்னால போயி, 'சாம்பார்ல எலும்புச் சாறு விழுந்துருச்சு, என் தப்புதான், யாரும் தொடாதீக'ன்னு சொல்லிட்டேன்."

"ஒருவரும் கோபிக்கவில்லையா?"

"பெரிய மாமனாரு எலையவிட்டு எந்திரிச்சுட்டாரு. வாசல்ல மறிச்சு, 'ரசம் கொதிக்கட்டும் மாமா, செத்த நேரம் இருந்து என்னைய வஞ்சுட்டுப் போங்க'ன்னேன். வஞ்சுக்கிட்டே இருந்தாரு. அதுக்குள்ள ரசம் கொதிச்சுருச்சு. மூணு தரம் வாங்கிக் குடிச்சாரு."

"சாம்பார்?"

"அடுத்த வீட்டுச் சின்னக்கண்ணு அண்ணன் குடும்பத்துக்குக் குடுத்தேன் மதர். அவுக இந்துக்க, வெள்ளியிலயும் கறி திங்கிறவுக. சுத்தபோசனம் நமக்குத்தான. மறுவாரமும் இப்படித் தப்புப் பண்ணுவியான்னு அந்த அண்ணன் கேட்டாரு."

இந்தத் தடவை மதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மசால் வாடை என்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே, ஏன் சொன்னாய்?"

"அம்புட்டுப் பேரும் என்னைய நம்பித்தான மதர் எலையில உக்காந்துருக்காக."

மதர் ஒரு காகிதத்தில் பேர் எழுதிக்கொண்டார். விடுதியில் கறி தின்னாத பிள்ளைகள் பதினாலு பேர் இருப்பதாகவும், அவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் தனி என்றும் சொல்லி, திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ரோசலின் மகளைக் கூப்பிட்டு, எரியோட்டுக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னாள்.

"நாங்க வரலைன்னு எழுது. மாட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லு."

"அப்படியே எழுதவாம்மா?"

"எல்லாரும் சொகமான்னு மொதல்ல கேட்டு எழுது. பெறகு அத எழுது."