ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய மைக்கா

கவாகிப் அக்கா பலகைக் கிடங்குக்குள் நுழைந்தால் அன்றைக்குச் சண்டை உறுதி. அடுக்கின் மேலே கிடக்கும் பிளைவுட்டைக் கிடங்குக்காரன் இழுத்துப் போடுவான். அக்கா அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

“மேல கெடக்கறத உன் மாமியாருக்குக் குடு. எனக்கு நடுவுல இருந்து எடு.”

“எல்லாம் ஒரே கப்பல்ல வந்த சரக்குதானேக்கா!”

“மேல உள்ளதுக்கு ஒரு மாசமா ஒரு பக்கம் மட்டும் காத்து படுது. எனக்கே காது குத்தறியா? எடுடா!”

நடுவிலிருந்து எடுத்ததையும் சும்மா வாங்கிவிட மாட்டார். ஒரு கண்ணை மூடி விளிம்போடு விளிம்பாகப் பார்ப்பார். பக்கவாட்டில் எத்தனை அடுக்கு என்று விரலால் எண்ணுவார். உள்ளே எங்காவது பொள்ளலா என்று விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். பத்துப் பலகையில் ஒன்பதைத் தள்ளிவிடுவார். கிடங்குக்காரன் வாய்க்குள் திட்டுவான். அக்கா வாய்விட்டே திட்டுவார்.

எங்கள் துமியாத் முழுக்க நாற்காலியும் கட்டிலும் செய்து பிழைக்கிற ஊர். ஒரு பக்கம் நைல், ஒரு பக்கம் கடல், முதுகுக்குப் பின்னால் மன்ஸாலா ஏரி. காலையில் துவைத்த சட்டை சாயங்காலமும் ஈரமாகத்தான் இருக்கும். இந்தக் காற்றில் மரம் சும்மா கிடக்குமா? அக்கா செய்வது நாற்காலி இல்லை, நாற்காலி செய்வதற்கான அச்சுப் பலகை. அதன்மேல் சட்டத்தைப் பொருத்தி இறுக்கித்தான் எல்லாப் பட்டறையிலும் அறுப்போம், துளை போடுவோம். அச்சு வளைந்தால் அதில் போட்ட நூறு நாற்காலியும் கோணல்.

அதனால் அக்கா முழு மரத்தைத் தொடவே மாட்டார். எவ்வளவு காய்ந்த பீச் மரமானாலும் மாரிக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நேராகத்தான் இருக்கும், ஆனால் விளிம்பில் ஈரம் பட்டால் ரொட்டி மாதிரி ஊதிவிடும். மெல்லிய அடுக்குகள் நிறைய உள்ள பிர்ச் பிளைவுட்தான் அவருக்கு வேண்டும். சின்ன அச்சு என்றால் பழைய மின்சாரப் பெட்டியிலிருந்து கழற்றிய பேக்லைட் தகடு. வாங்கியதைச் சுவரில் சாய்க்க விடமாட்டார். மூன்று கட்டைமேல் படுக்கவைத்து இரண்டு மாதம் கழித்துத்தான் அறுப்பார். பிறகு இரண்டு முகத்துக்கும் நான்கு விளிம்புக்கும் ஒரே அளவு வார்னிஷ். ஒவ்வொரு பலகையிலும் ஒரு துண்டை மிச்சம் வைத்து, தேதி எழுதி, அலமாரியில் அடுக்கிவிடுவார்.

பதினெட்டு வருடமாக இப்படித்தான். சவூதிக்கு வேலைக்குப் போன கணவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதற்குக்கூட அக்கா இவ்வளவு கத்தியதில்லை என்பார்கள். பெண்பிள்ளை செய்த அச்சா என்று முதலில் சிரித்த பட்டறைகள் பிறகு வரிசையில் நின்றன. அக்காவுக்குச் சொத்து என்றால் அந்தப் பெயர் ஒன்றுதான்.

அதைத்தான் ஹாஜி ஸாபித் நாசமாக்கப் பார்த்தார். நான் அவர் பட்டறையில் ஒட்டு வேலை பார்த்தவன், பெயர் முஃதி.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பட்டறையைப் பார்க்க வருகிறார்கள் என்று ஹாஜியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்கா செய்த அச்சுப் பலகை கறுத்துப்போய் அசிங்கமாக இருக்கிறதாம்.

“இதுமேல வெள்ள மைக்கா ஒட்டு. பட்டறை பேரு பளிச்சுனு தெரியணும்.”

“ரெண்டு பக்கமும் ஒட்டணும் ஹாஜியாரே. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா வளைஞ்சுரும்.”

“அடிப்பக்கத்த எவன் குனிஞ்சு பாக்கப்போறான்? சொன்னதச் செய்.”

செய்தேன். மேல்பக்க வார்னிஷைத் தேய்த்தெடுத்து, சீப்பு மாதிரி பல் வைத்த என் தகட்டால் பசையை இழுத்து, மைக்காவை ஒட்டினேன். தகட்டில் நடுவே ஒரு பல் உடைந்திருந்தது. அதை மாற்றக்கூடச் சோம்பல்.

வந்தவர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மழை பிடித்தது. ஐந்தாவது வாரம் கல்யாணப் பெண் ஒருத்திக்குச் செய்த பன்னிரண்டு நாற்காலியும் ஆடின. ஹாஜியார் அச்சைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார்.

“பாருங்கய்யா, கவாகிப் குடுத்த லட்சணத்த! மட்டமான பலகைய என் தலையில கட்டிட்டா!”

நான் பின்னால்தான் நின்றேன். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுவே போதும். வேலை போய்விடும் என்ற பயம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? தூ!

அன்று மாலைக்குள் மூன்று பட்டறைகள் தங்கள் அச்சைக் கொண்டுபோய் அக்கா வாசலில் போட்டன. அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. ஹாஜியாரின் அச்சை வாங்கி மேசைமேல் வைத்து மைக்காவின் ஒரு மூலையைப் பெயர்த்தார். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதே பலகையில் மிச்சம் வைத்திருந்த துண்டை எடுத்து மூன்றாக அறுத்தார். ஒன்றை அப்படியே விட்டார். ஒன்றில் இரு பக்கமும் மைக்கா. ஒன்றில் ஒரு பக்கம் மட்டும். மூன்றையும் காப்பிக்கடை வெளிச்சுவரில், கொதிக்கிற கெட்டிலின் ஆவி படுகிற இடத்தில் தொங்கவிட்டார்.

“எட்டு நாள் இங்கதான் தொங்கும். எல்லாரும் வந்து பாருங்க” என்றார்.

தினமும் காலையில் வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தார். நானும் அங்கேதான் டீ குடித்தேன். “அக்கா, இன்னைக்கு எப்படி?” என்று மற்றவர்களைப் போலவே கேட்டேன். அவ்வளவு துணிச்சல் எனக்கு. அவர் என் முகத்தைப் பார்த்து, “நாளைக்கும் வா” என்பார்.

எட்டாம் நாள் இரண்டு துண்டும் நேராக இருந்தன. ஒரு பக்கம் ஒட்டியது தர்பூசணித் தோல் போல வளைந்திருந்தது. தெருவே கூடிப் பார்த்தது. மூன்று பட்டறைக்காரர்களும் தலையைச் சொறிந்துகொண்டு அச்சை எடுத்துப்போனார்கள். ஹாஜியாரும் வெட்கமில்லாமல் ஒரு தட்டு முஷப்பக் இனிப்போடு வந்தார்.

“என் பேர்லதான் தப்பு. கோவிச்சுக்காத கவாகிப்.”

“நாக்க இழுத்து வச்சு அறுக்கணும் உங்களுக்கு” என்று சொல்லி, அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. எல்லாரும் போனபின் அவர் பட்டறைக்குப் போனேன்.

“அக்கா, அத ஒட்டினது நான்தான்.”

“தெரியும்.”

“யார் சொன்னா?”

“பசையில கோடு கோடா இருக்கு. நடுவுல ஒரு கோடு இல்ல. பல்லு ஒடஞ்ச தகட வச்சு ஒட்டறவன் இந்தத் தெருவுல உன்னத் தவிர எவன்?”

“முதல் நாளே தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் அப்போது வெளியே வந்தது. “அது வளையும்னு எனக்குத் தெரியாதா? எட்டு நாளா நான் பலகையவா பாக்க வந்தேன்? நீ எப்ப வாயத் தொறப்பேன்னு பாக்க வந்தேன்டா! பக்கத்துல நின்னு டீ குடிச்சுக்கிட்டு, ‘எப்படிக்கா’ன்னு கேக்கற! போ, என் வாசல்ல நிக்காத!”

ஹாஜியார் வேலையை விட்டுவிட்டேன், அவர்மேல் வந்த கோபத்தில். அக்கா அவருக்குப் புது அச்சு செய்து கொடுத்தார், திட்டிக்கொண்டே. நான் வேறு பட்டறைக்குப் போய் நான்கு வருடமாகிறது. தினமும் அக்காவின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தினமும் சலாம் சொல்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.